ஆவாரையும் அதனை ஒத்த செடிகளும்

ஆவாரை அல்லது ஆவிரை என்பது தமிழகத்தின் வறண்ட நிலங்களில் தானே வளரும், மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்ட குறுஞ்செடி ஆகும். இதன் அறிவியல் பெயர் சென்னா ஆரிக்குலாட்டா. வேலூர் மாவட்டத்தில் காட்பாடியைச் சூழ்ந்த கற்குன்றுகளின் அடிவாரத்திலும், தரிசு நிலங்களிலும், சாலையோரங்களிலும் இதனைக் காணலாம். இதே பேரினத்தைச் சேர்ந்த பேயாவரை, தகரை ஆகிய செடிகளும் இவ்வகை நிலங்களிலேயே முளைக்கின்றன. மூன்றின் பூக்களும் மஞ்சள் நிறமானவை; மூன்றிலும் ஐந்து இதழ்கள் உள்ளன; மூன்றின் இலைகளும் கூட்டிலைகளே. ஆனால் ஆவாரம்பூ உண்ணப்படுவது, பேயாவரையின் விதையோ நச்சுத்தன்மை உடையது. எனவே இவற்றை வேறுபடுத்தி அறிவது தாவரவியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

பெயர்கள்

ஆவிரை என்ற வடிவமே பழையது. குறிஞ்சிப்பாட்டு எண்ணிச் சொல்லும் மலர்களுள் இதுவும் ஒன்று. மடலேறும் தலைவன் சூடும் மலர்களில் எருக்கு, பூளை ஆகியவற்றுடன் ஆவிரையும் இடம்பெறுவதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. தெலுங்கில் இது தங்கேடு எனப்படுகிறது. தெலங்கானாவின் மாநில மலரும் இதுவே.

பேயாவரைக்குப் பொன்னாவரை என்ற பெயரும் உண்டு. ஒரே செடிக்குப் பேயும் பொன்னும் அடைமொழியாக அமைந்திருப்பது வியப்பே. தமிழில் உண்ணத் தகாத காட்டு வகைகளுக்குப் 'பேய்' என்ற முன்னொட்டை இடுவது வழக்கம் (பேய்ப்புடல், பேய்ச்சுரை என்பன போல). அவ்வகையில் பேயாவரை என்பதே எச்சரிக்கையும் தாங்கிய பெயர் என்பதால் இக்கட்டுரையில் அப்பெயரே கையாளப்படுகிறது.

இலையைக் கொண்டு அறிதல்

பூவைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிட, இலைக்காம்பு தண்டுடன் சேரும் இடத்தைப் பார்ப்பது நல்லது. ஆவாரையில் அவ்விடத்தில் சிறுநீரக வடிவில், காது மடல் போன்ற அகன்ற பச்சை நிற இலையடிச் செதில்கள் இருக்கும். இவை உதிராமல் நிலைத்திருப்பவை. ஆரிக்குலாட்டா என்ற இலத்தீன் சொல்லின் பொருளும் 'காதுடையது' என்பதே. நினைவில் வைக்க ஒரே ஓர் அடையாளம் போதும் என்பவர்கள் இதனைக் கொள்ளலாம். செடி பூக்காத காலத்திலும் இது பயன்படும். பேயாவரையிலும் தகரையிலும் இத்தகைய காதுகள் இல்லை.

அடுத்து சிற்றிலைகளை எண்ண வேண்டும். ஆவாரையில் பொதுவாக 8 முதல் 12 இணைகள்; சிற்றிலைகள் சிறியவை, நுனி மழுங்கியவை. பேயாவரையில் 4 முதல் 6 இணைகள். இவை பெரியவை, நுனி கூரியவை, கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். தகரையில் பெரும்பாலும் 3 இணைகளே இருக்கும். அவை அடி குறுகி நுனி அகன்ற வடிவின, இரவில் மடிந்துகொள்வன.

ஐயம் தீராவிடில் சுரப்பிகளைத் தேடலாம். ஆவாரையில் ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் இடையே ஒரு சிறு சுரப்பி நீட்டிக்கொண்டிருக்கும். தகரையில் கீழ் இணைகளுக்கு இடையே மட்டும் இருக்கும். பேயாவரையில் சிற்றிலைகளுக்கு இடையே சுரப்பி கிடையாது. இலைக்காம்பின் அடியில் பருத்த ஒற்றைச் சுரப்பி மட்டுமே உண்டு.

காய்கள்

காய்த்த பின் குழப்பம் குறைவு. ஆவாரையின் காய் தட்டையானது, காகிதம் போல் மெல்லியது, முற்றியதும் வெளிர் பழுப்பு நிறம் கொள்வது. பேயாவரையின் காய் நீண்டு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுவில் கரும்பழுப்பும் விளிம்புகளில் வெளிர் நிறமும் காணப்படும். தகரையின் காய் மிக ஒல்லியானது, அரிவாள் போல் வளைந்தது.

பேயாவரையின் நச்சுத்தன்மை

ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவு நேராது என்ற பொருளில் தமிழில் ஒரு பழமொழி வழங்குகிறது. அதன் உறவுச் செடியைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

1990களிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், பிஜ்னோர், சகாரன்பூர் முதலிய மாவட்டங்களில், மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் சிறு குழந்தைகள் திடீரென நினைவிழந்து இறந்து வந்தனர். நச்சுயிரியால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே இது பல ஆண்டுகள் கருதப்பட்டது. பிஜ்னோரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிரியல் பேராசிரியராக இருந்த ஜேக்கப் ஜான் ஆகியோர் அடங்கிய குழு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் தின்ற பேயாவரை விதைகளே காரணமாகக்கூடும் எனக் காட்டியது. மூளை, கல்லீரல், தசை ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்படுவது இந்நோயின் இயல்பு. அந்தராகுவினோன் வகை வேதிப்பொருட்கள் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. செடி காய்க்கும் பருவமும் நோய் தோன்றும் பருவமும் ஒன்றாக இருந்தது முக்கியத் தடயமாக அமைந்தது. இந்த விதைகளைத் தின்ற கால்நடைகளும் தசைச் சிதைவுற்று இறப்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது.

2016ஆம் ஆண்டு ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, சப்பானிய மூளைக்காய்ச்சலுடன் இச்செடியும் காரணமாகச் சுட்டப்பட்டது. ஒடியாவில் தகரை 'சகுண்டா' எனவும், பேயாவரை 'படா சகுண்டா', அதாவது பெரிய தகரை எனவும் அழைக்கப்படுகின்றன. தகரையின் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. ஒன்றன் பெயரிலேயே மற்றொன்றும் வழங்கும்போது, உண்பதற்காகப் பறிப்பவர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியுள்ளது. காய்களோடு விளையாடும் சிறுவர்களுக்கு இச்செடியை அடையாளம் காட்டி வைப்பதும் தேவை.

தோல் பதனிடலில் ஆவாரை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஆவாரைக்குப் பூவைவிடப் பட்டையாலேயே பொருளாதார மதிப்பு இருந்தது. இதன் பட்டையில் ஏறத்தாழ 18 விழுக்காடு டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ளது. இப்பட்டையால் பதனிட்ட தோல், சென்னை மாகாணத்திலிருந்து 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் இலண்டனுக்கு ஏற்றுமதியானது. இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை இதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் குரோமியம் உப்பால் பதனிடும் முறை பரவியது.

பிற செடிகள்

சீமை அகத்தியின் பூங்கொத்து மெழுகுவத்தி போல் நிமிர்ந்து நிற்கும். காயில் நான்கு சிறகுகள் இருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பயிரிடப்படும் நிலாவரையின் சிற்றிலைகள் குறுகிக் கூரியவை. பேதி மருந்தாக ஏற்றுமதியாகின்றன. சரக்கொன்றை மரமாதலாலும், பூங்கொத்து தொங்குவதாலும், காய் உருளையாக இருப்பதாலும் குழப்பம் நேராது. முன்பு இவை அனைத்தும் கேசியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 1982இல் இர்வின், பார்னபி ஆகியோர் செய்த மறுவகைப்பாட்டைத் தொடர்ந்து சரக்கொன்றை கேசியாவிலேயே நிற்க, மற்றவை சென்னாவில் அடங்கின. பழைய நூல்களில் ஆவாரை 'கேசியா ஆரிக்குலாட்டா' என இருப்பதும் இச்செடியையே குறிக்கும்.