கேஸ் ஹீட்டர் போட்டா பேட்டரி ஏன் காலியாகுது?

அரிசோனாவில் குவார்ட்ஸ்சைட் பக்கம், கரன்ட் கனெக்‌ஷனே இல்லாத பாலைவனத்துல ஆர்வியை நிறுத்தியிருக்கோம்னு வைங்க. ராத்திரி குளிருக்கு ஹீட்டர் போடுறோம். அது கேஸ்லதானே எரியுது, பேட்டரிக்கு என்ன வந்தது? அங்கதான் ஏமாறுறோம். சூடான காத்தைத் தள்ளுற ஃபேன் 12 வோல்ட்ல சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 10 மணி நேரத்துல பாதி நேரம் ஓடினாலே 40 ஆம்பியர்-அவர் போச்சு. 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல உறிஞ்சினா அதோட ஆயுசு குறையும். ஆக நம்ம கையில இருக்கறதே 50தான். எல்இடி லைட்டை அணைச்சு மிச்சம் பிடிக்கிறதெல்லாம் சில்லறை. தெர்மோஸ்டாட்டைக் குறைச்சுட்டு நல்ல ஸ்லீப்பிங் பேக்ல படுங்க. சும்மா இருந்தாலும் கரன்ட் குடிக்கிற இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணிடுங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் தொடாதீங்க. பல வண்டிகளில் அதுவும் இதே பேட்டரியிலதான் ஓடுது. நடுராத்திரி அது கத்தினா, சார்ஜ் கம்மியாத்தான் இருக்கும்னு ஃபியூஸைப் பிடுங்காதீங்க. முதல்ல எல்லாரும் வண்டியை விட்டு வெளிய வாங்க.