துண்டுத் துணியில் ஒரு பூவாரம்

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பெட்டியின் அடியில் ஒரு பழைய பட்டுப் புடவை இருக்கும். அஃது அன்னையினுடையதாகவோ பாட்டியினுடையதாகவோ இருக்கும். மடிப்புகளில் இற்றுப் போனமையால் அதை உடுத்த இயலாது. பிறருக்குக் கொடுத்து விடவும் மனம் வராது. பழைய துணிக்குப் பாத்திரம் தருவோர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்து, மீண்டும் மடித்து வைத்து விடுகிறோம். அத்தகைய புடவையிலிருந்தும், ரவிக்கை தைத்த பின் தையற்காரர் திருப்பித் தரும் வெட்டுத் துணியிலிருந்தும், ஒரு சிறுமியின் கழுத்துக்கு ஏற்ற பூவாரம் ஒன்றைச் செய்யும் முறையை இங்கே விளக்க எண்ணுகிறோம்.

அலுவலகக் கோப்புகளை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கும் நமக்கு, பயன்பட்டு எஞ்சியது எதுவாயினும் அதைக் ‘கழிவு’ என்று எழுதிப் பழக்கம். துணியைப் பொறுத்தவரை அச்சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. தையற்கடையில் விழும் துண்டுகளை இந்தியில் ‘கத்ரன்’ என்பர். நமது ‘கத்தரி’யோடு ஒலியால் உறவாடும் அச்சொல்லில் இகழ்ச்சி ஏதுமில்லை, கத்தரிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். நாம் குடியேறியுள்ள ஊர்களிலும் துண்டுத் துணியை மதித்துப் போற்றும் மரபுகள் உண்டு. வங்கத்துப் பெண்கள் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி வைத்துக் காந்தா தைத்தபோது, அதற்கு வேண்டிய வண்ண நூலையும் பழம்புடவையின் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொண்டனர். வடகன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள் கந்தலை ஒட்டித் தைக்கும் போர்வைகள் கண்ணைக் கவர்வன. பானிபட் நகரில் பழைய கம்பளி உடைகளைப் பிய்த்து மீண்டும் நூலாக்குவது பெருந்தொழிலாகவே நடைபெறுகிறது.

நிற்க, செய்முறைக்கு வருவோம். துண்டுத் துணியின் முதற்பகை இழை பிரிதலே. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால், எவ்வளவு அழகிய பூவும் ஒரு திங்களுக்குள் நார் நாராகி விடும். ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி விடுவோர் உளர். பாலியெஸ்டர், நைலான் முதலிய செயற்கைத் துணிகளுக்கு மட்டுமே அது செல்லும். பருத்தியும் பட்டும் உருகுவதில்லை, எரிந்தே போகும். சிறுவர் கூடியிருந்து செய்யும் வேலைக்குச் சுடர் ஏற்றதுமன்று. ஆகவே, வெட்டிய ஓரம் முழுவதும் உள்ளே மறைந்து விடும் சுருக்குப் பூவையே நாம் தேர்ந்து கொள்கிறோம். எந்த நூலால் ஆன துணியாயினும் இம்முறைக்கு இசையும்.

பட்டுப் புடவையில் கத்தரி வைக்கு முன் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது சரிகை. பழைய காஞ்சிபுரப் புடவைகளின் அசல் சரிகையில், பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டிருக்கும். கரையும் முந்தானையும் அசல் சரிகையாயின், அவற்றைத் தனியே எடுத்து வைத்து, அறிந்தவரிடம் காட்டி மதிப்பை அறிந்த பின்னரே மேற்செல்லுதல் நலம். அன்றியும் சரிகை மேனியில் உராய்ந்து உறுத்தும்; கழுத்தணிக்கு அது வேண்டுவதும் இல்லை. இரண்டாவது, பட்டின் வலிமை. இரு கட்டைவிரல்களுக்கிடையே துணியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் அது காகிதம்போல் கிழியும். இரண்டு மடிப்புகளுக்கு நடுவே பெரும்பாலும் உறுதி இருக்கும். வட்டங்களை அந்த நடுப்பகுதியிலேயே வெட்டுக. அங்கும் ஐயம் தோன்றினால், மெல்லிய மல் துணியை அடியில் வைத்து இரண்டையும் ஒன்றாகச் சுருக்கலாம். பூ சற்றே தடிக்கும். ஆயினும் புடவை பிழைக்கும்.

பருத்தித் துண்டுகளாயின், சிவப்பும் கருநீலமும் சாயம் விடக் கூடியவை. நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்த பின்னரே சேர்த்துக்கொள்ள வேண்டும். மதுரைச் சுங்குடியின் துண்டும் சாங்கானேர் அச்சுத் துணியின் துண்டும் ஒரே ஆரத்தில் அடுத்தடுத்து அமையும்போது, அந்தக் குடும்பம் வாழ்ந்த ஊர்கள் இரண்டும் அதில் தெரியும். நம் கண்ணுக்கு அது கடையில் வாங்கிய ஒரே நிற மாலையினும் அழகுடையது.

ஆரத்துக்கு ஏழு பூக்கள் போதும். நடுப்பூ 5 செ.மீ. அகலமும், அதன் இரு பக்கத்திலும் முறையே 4, 3.5, 3 செ.மீ. அகலமும் உள்ளனவாக அமைப்போம். சுருக்கும்போது வட்டம் ஏறத்தாழப் பாதியாகி விடும். ஓரம் மடிக்கவும் சிறிது துணி வேண்டும். ஆதலால் 5 செ.மீ. பூவுக்கு 11 செ.மீ. வட்டமும், ஏனையவற்றுக்கு 9, 8, 7 செ.மீ. வட்டங்களும் வெட்ட வேண்டும். டம்ளர், கிண்ணம், புட்டியின் மூடி ஆகியவற்றைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் அளவுகோலும் தேவையில்லை.

வட்டத்தின் ஓரத்தை அரை செ.மீ. உட்புறமாக மடித்துக்கொண்டே, இரட்டை நூலால் மேலும் கீழுமாக ஊசியை ஓட்டிச் சுற்றி வாருங்கள். இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. சிறுசிறு தையலாகப் போட்டால் நேர்த்தியாக இருக்குமென்றே எண்ணுவோம். உண்மையில், தையல் நெருங்க நெருங்க மடிப்புகள் மிகுந்து, நடுவில் பெரிய ஓட்டை நின்று விடும். ஒவ்வொரு தையலும் அரை செ.மீ. அளவுக்கு நீண்டிருந்தால், நூலை இழுத்ததும் வாய் இறுக மூடிக் கொள்ளும். மூடிய வாய் மேலே வருமாறு வைத்து, நூலை முடிச்சிட்டு, அறுக்காமல் விடுக. பின்னர் ஊசியை நடுவில் அடியிலிருந்து மேலே கொணர்ந்து, நூலை விளிம்பின் வெளியே சுற்றி மீண்டும் அடிவழியாக நடுவுக்கே ஏற்றி இறுக்கினால், ஒரு பள்ளம் விழும். சம இடைவெளியில் ஐந்து முறை இவ்வாறு இறுக்கினால் ஐந்து இதழ்கள் தோன்றும். நடுவில் பழைய சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்து விடலாம்.

இனி, பூக்களைத் தாங்கும் வடம். கண்ணில் படாத பகுதியாதலால் பலர் இதில் அசட்டையாக இருப்பர். ஆரம் அறுந்து விழுவதோ இங்கேதான். துணியின் நெய்த கரையை ஒட்டி மூன்று நாடாக்கள் கிழித்து, சடைபோல் பின்னுங்கள். பின்னுகையில் நீளம் குறையும் என்பதால், 50 செ.மீ. வடம் வேண்டுமாயின் நாடாக்கள் 75 செ.மீ. நீளம் இருத்தல் வேண்டும். வடத்தின் நடுவைக் குறித்துக்கொண்டு, பெரிய பூவை அங்கே வைத்து, மற்றவற்றை இரு புறமும் இறங்குவரிசையில் அமைக்க. ஏழும் சேர்ந்து முன்புறத்தில் 26 செ.மீ. இடம் கொள்ளும். ஒவ்வொரு பூவின் பின்னும் கிழிந்த கம்பளியிலிருந்து வெட்டிய சிறு வட்டம் ஒன்றை வைத்து, வடம் பூவுக்கும் கம்பளிக்கும் இடையே செல்லுமாறு சுற்றித் தைத்தால், பூ கவிழாது. முடிச்சுகளும் மறைந்து விடும். கம்பளி உறுத்தும் என்று அஞ்சும் குழந்தைக்குத் தடித்த பருத்தித் துணியை வைக்கலாம்.

பூட்டுவாய் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விளையாடும் குழந்தையின் கழுத்திலுள்ள வடம் கதவுத் தாழிலோ ஊஞ்சல் கம்பியிலோ மாட்டிக் கொண்டால், அறுபடாத வடம் கழுத்தை இறுக்கி விடும். எனவே பின்புறத்தில் முடிச்சுப் போடலாகாது. ஒரு முனையில் ரவிக்கைக் கொக்கியைத் தைத்து, மறுமுனையில் அதை மாட்டுவதற்கான வளையத்தை ஒற்றை நூலால் மட்டும் அமையுங்கள். வெடுக்கென்று இழுபட்டால் அந்த நூல் அறுந்து ஆரம் கழன்று விடும். ஆரத்தைக் குழந்தைக்கு அணிவிக்கு முன், ஒரு முறை நாமே இழுத்து அறுத்துப் பார்த்து, புது வளையம் போட்டு விட வேண்டும். விழா முடிந்ததும் ஆரத்தைக் கழற்றி விடுக; அணிந்தபடி உறங்க விடலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் நடமாடும் வீடாயின் பொத்தானும் மணியும் வேண்டா. வண்ண நூலால் முடிச்சுகள் இட்டுப் பூவின் நடுவை நிரப்பலாம்.

இவ்வாரம் பூசைக்கு உரிய மலருக்கு ஈடாகாது; ஈடு என்று நாமும் கூறவில்லை. பள்ளி விழாவில் நடனமாடும் பெண்ணுக்கும், நவராத்திரிக் கொலுவுக்கு வரும் தோழியின் மகளுக்குக் கொடுப்பதற்கும் இது தகும். கொலுவில் வைக்கும் மரப்பாச்சிக்கு இரண்டு செ.மீ. பூக்களே போதும். பட்டில் செய்ததை நீரில் தோய்க்க வேண்டா. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, வெயில் படாத இடத்தில் உலர்த்தி, துவைத்த மல் துணியில் தளர்வாகச் சுற்றி வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைத்தல் வேண்டும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்ததாலேயே புடவை இற்றது. வெட்டியது போக எஞ்சிய புடவையையும் அவ்வாறே உருளையாகச் சுற்றி வைத்தால், அடுத்த பெண்ணுக்கும் ஓர் ஆரத்துக்கான துணி அதில் இருக்கும்.