கொடுக்கிற எண்ணே பெரிய எண்

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுட்டு உட்கார்ந்தார். "சேர்ப்பதிலேதான் பெருமை. நூறைவிடக் கோடி பெரிசு. கணக்கே எங்க கட்சி"ன்னார். நான் தமிழ் வாத்தியார். இருந்தாலும் அந்தக் கணக்கையே பார்த்துடுவோம்.

கல்வராயன் மலையில விளைஞ்ச சாமை ஒரு கலம் இருக்கு. கலத்துக்கு 12 மரக்கால். ரெண்டு பேர், மூணு பேர், நாலு பேர், ஆறு பேர், யார் வந்தாலும் மரக்கால் உடையாமல் பங்கு போடலாம். இன்னொரு மரக்கால் சேர்த்து 13 ஆக்குங்க. எண் பெரிசாச்சு. பங்கு? ஒருத்தரே வச்சுக்கணும், இல்லேன்னா சரியா 13 பேர் வரணும். கஞ்சன் வீட்டுக் கதவு மாதிரி! (சிரிப்பு)

12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும் இந்த விஷயத்தில் ஜெயிக்கிற எண்களைப் பற்றி, 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார் சீனிவாச ராமானுஜன். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அவர் பட்டியலில் 102 எண்கள். கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதை வகுக்கும் எண்கள் 10,080!

அந்த எண் எதனால் ஆனது? 2-ஐ ஆறு தடவை, 3-ஐ நாலு தடவை, 5-ஐயும் 7-ஐயும் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19, 23-ஐ ஒவ்வொரு தடவை பெருக்கினால் வருவது. கவனிச்சீங்களா? சின்னவங்களுக்கு அதிக இடம் கொடுத்ததாலேதான் அது பெரிய எண்! (கைதட்டல்)

பட்டியலில் ஒரு எண் விட்டுப்போச்சு. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வரும் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 அது. மேதைக்கும் கை தவறும். ஆனாலும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத அந்த மனிதருக்கு, 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டத்தை வாங்கிக் கொடுத்தது இந்த ஆராய்ச்சிதான்.

அந்தப் பட்டத்துக்கு வழி எங்கே திறந்தது? இதோ, இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில்! கடையெழு வள்ளல்களில் ஒருவரான மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர். 1910-ல் அங்கே டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இந்த அறிவை ரெவின்யூ ஆபீஸில் முடக்க மனசு வரலை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

வேலை கொடுத்திருந்தால் ஆபீஸுக்கு ஒரு நல்ல குமாஸ்தா சேர்ந்திருப்பார். சேர்க்காமல் விட்டார், உலகத்துக்கு ஒரு ராமானுஜன் கிடைத்தார். இப்ப சொல்லுங்க நடுவர் அவர்களே, கணக்கு யார் கட்சி?