முளைக்கீரைக்கு விஷம் வேண்டாம்!

'முளைக்கீரை இலையெல்லாம் ஓட்டை. என்ன மருந்து அடிக்கலாம்?' என்று பலர் கேட்கிறார்கள். விதைத்த 25-ம் நாள் பிடுங்கும் பயிர் இது. அடித்த விஷம் நீங்குவதற்குள் கீரை குழந்தையின் தட்டுக்குப் போய்விடும். ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம்.

விதைப்பிலேயே கவனம் வேண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். விதை பொடிசு என்பதால், மணல் கலந்து சமமான பாத்தியில் தூவி, பூவாளியால் நீர் விடுங்கள். வேகமாகப் பாய்ச்சினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். 10-ம் நாள் நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட்டால், காற்றோட்டம் கிடைத்து நோய் குறையும்.

புழு தெரிந்தால் அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதை 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். ஓட்டை இலை நான்கைக் கழிப்பது நஷ்டமல்ல.