சிலந்தி கடித்த மறுநாள்

வளர்ப்பு டாரன்டுலா ஆளைக் கொல்வதில்லை. ஆனால் நம் நாட்டு ரகம் படுக்கையில் தள்ளிவிடும்.

அந்தப் பார்சல் போலந்திலிருந்து வந்திருந்தது. போக வேண்டிய இடம் அருப்புக்கோட்டை. 2021 ஜூலையில் சென்னையில் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தபோது தெர்மகோல் பெட்டிக்குள் 107 சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சும் வெள்ளிக் காகிதமும் சுற்றிய ஓர் உயிருள்ள சிலந்தி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த டாரன்டுலா வகைகளாக இருக்கலாம் என்று விலங்கியல் நிபுணர்கள் சொன்னார்கள். உரிய அனுமதி எதுவும் இல்லாததால் வந்த வழியே திருப்பி அனுப்ப உத்தரவானது.

அருப்புக்கோட்டைக்கே பார்சல் வருகிறது என்றால் பெங்களூருக்கு வராதா என்ன? நகரின் கிழக்கே உள்ள லிங்கராஜபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தில் கேட்கும் பேட்டை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இங்கே ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கை அகலச் சிலந்தியை வளர்த்தால், அது அவர் பிரச்சினை மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் மாடி வீட்டு நாய்க்கும் சேர்த்துத்தான். எல்லோரும் கேட்கப்போகும் கேள்வியும் ஒன்றுதான். கடித்தால் உயிர் போகுமா?

போகாது. டாரன்டுலாவின் விஷத்தால் மட்டுமே ஒருவர் இறந்ததாக உறுதியான மருத்துவப் பதிவு கிடையாது. 2012இல் அஸ்ஸாமின் சதியா பகுதியில் சிலந்திக் கடியால் இருவர் இறந்ததாகப் பெரும் பீதி கிளம்பியது உண்மை. ஆனால் அவர்கள் முதலில் போனது மந்திரவாதிகளிடம். கடிவாயைப் பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றியிருக்கிறார்கள். கொன்றது விஷமா பிளேடா என்பது தெளிவாகவே இல்லை.

ஆக, பயம் வேண்டாம் என்று இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் எந்தச் சிலந்தி என்பதைப் பொறுத்து விஷயம் அடியோடு மாறுகிறது.

வளர்ப்பவர்கள் அதிகம் விரும்பும் அமெரிக்கக் கண்டத்து ரகங்களின் கடி பெரும்பாலும் குளவி கொட்டியதுபோல வலித்து அடங்கிவிடும். அவற்றின் உண்மையான ஆயுதம் வயிற்றின் மேலுள்ள நுண்ணிய முள்ரோமம். மிரண்டால் பின்னங்காலால் அதை உதிர்த்துக் காற்றில் பறக்கவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரது சிலந்தி இதைத்தான் செய்தது. வாரக்கணக்கில் கண் சிவந்து நீர் வடிந்தது. விழித்திரையின் முன்னால் உள்ள கருவிழிப் படலத்தில் ரோமங்கள் குத்தி நிற்பதை மருத்துவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊர் ரகத்துக்கு இந்த ரோமம் இல்லை. அது நேராகக் கடிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே மரப்பொந்துகளில் வாழும் போசிலோதீரியா என்ற இனம் அது. நீல நிறத்தில் மின்னும் ஒரு வகை முதலில் கிடைத்தது ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலைய மரக் கிடங்கில். 1899இல் பெயர் சூட்டப்பட்ட அது, நூறாண்டு கழித்து 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. அதன் வாரிசுகளோ ஐரோப்பிய வரவேற்பறைகளில் வளர்கின்றன.

கடிபட்டவர்களும் அங்கேதான் அதிகம். ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் இந்தச் சிலந்திகளின் கடிகளைத் தொகுத்து வெளியிட்டபோது, இவற்றை இதுநாள்வரை குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். உடனே வருவது கடும் வலியும் வீக்கமும். சரி, ஆறிவிட்டது என்று நினைக்கும்போதுதான் அடுத்த கட்டம். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், தசைகள் சுருண்டு இழுக்கத் தொடங்கும். கடிபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது. கடித்தது விரலில் என்றாலும் இழுப்பு காலிலோ முதுகிலோ வரலாம். நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூட விட்டு விட்டு வரும்.

நாய்களின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நாட்டு டாரன்டுலாக்கள் கடித்த ஒன்பது மனிதர்களும் பிழைத்துக்கொண்டார்கள். கடிபட்ட ஏழு நாய்களும் செத்தன. பெட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. கையால் தூக்கி விளையாடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சிலந்தி நாய்க்குட்டி அல்ல, தடவிக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் சந்தோஷம் கிடையாது. இரை போடவும் தொட்டியைச் சுத்தம் செய்யவும் நீண்ட இடுக்கி போதும்.

கடித்தபின் செய்ய அதிகமில்லை. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து இதற்கு உதவாது. டாரன்டுலாவுக்கென்று தனி மாற்று மருந்தும் இல்லை. காயத்தை சோப்புப் போட்டுக் கழுவுவது, டெட்டனஸ் ஊசி, வலி மாத்திரை, இழுப்பு வந்தால் தசையைத் தளர்த்தும் மருந்து, அவ்வளவுதான். ஆனால் இழுப்பு வரக்கூடும் என்று மருத்துவர் எதிர்பார்க்க வேண்டுமானால், எந்தச் சிலந்தி என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சிக்கல் இங்கேதான். போசிலோதீரியா 2019இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அத்தகைய பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் விதி கொண்டுவந்தது. குப்பியில் அடைத்துத் தபாலில் வந்த சிலந்திக்கு ஏது பதிவு? நள்ளிரவில் வீங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வரும் இளைஞர், "ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு டாக்டர்" என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் கால் இழுக்கும்போது, அது முந்தின இரவுக் கடியின் வேலை என்று அவருக்கும் தோன்றாது, மருத்துவருக்கும் தோன்றாது.