சுவருக்குள் ஒரு மக்னோலியா

தோட்டத்துக்குச் சுவர் எதற்கு என்று கேட்டால், ஆடுமாடு மேயாமலிருக்க என்போம். குளிர் தேசங்களில் செங்கல் சுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருகிறது. வெளியே பிழைக்காத பழமரம் சுவரோரம் பிழைத்துவிடும். ஆக, சுவர் தடுக்கிறது. கூடவே உள்ளே ஒரு தனித் தட்பவெப்பத்தையும் உற்பத்தி செய்கிறது. அதிகாரத்தைத் தடையாக மட்டுமே பார்த்துப் பழகிய நாம் இந்த இரண்டாவதைக் கவனிப்பதில்லை.

லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள ஃபுல்ஹாம் அரண்மனையை எடுத்துக்கொள்வோம். பல நூற்றாண்டுகளாக, 1973 வரை, லண்டன் பிஷப்புகளின் வீடு அது. 1675 முதல் 1713 வரை பிஷப்பாயிருந்த ஹென்றி காம்ப்டன் ஒரு செடிப் பைத்தியம். 1686-இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தபோது, தோட்டமே கதியென்று கிடந்தாராம். இதைத் தனிமனித ரசனை என்று வாசித்தால் ஏமாந்துபோவோம். அமெரிக்கக் காலனிகளின் ஆங்கிலத் திருச்சபை லண்டன் பிஷப்பின் மேற்பார்வையில் இருந்தது. வர்ஜீனியா போன பாதிரியார் ஜான் பானிஸ்டர் அங்கிருந்து விதையும் செடியும் அனுப்பினார். ஐரோப்பாவில் முதன்முதலாக வளர்ந்த மக்னோலியா இப்படித்தான் ஃபுல்ஹாமுக்கு வந்தது. வேதம் போன கப்பல் வழியிலேயே விதை திரும்பி வந்தது.

அதே வழியில் ஒரு கடிதமும் போனது. 1727-இல் பிஷப் எட்மண்ட் கிப்சன் காலனி எஜமானர்களுக்கு எழுதியது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பயப்படாதீர்கள், அதனால் அவர்கள் உங்கள் உடைமையாயிருப்பது மாறிவிடாது என்பது அதன் சாரம். ஆன்மாவுக்கு விடுதலை, உடம்புக்கு விலங்கு!

எதிர்க்குரலே இல்லையா? இருந்தது. 1787-இல் லண்டன் பிஷப்பான பெய்ல்பி போர்ட்டியஸ், அதற்கு முன்பே, 1783-இல், பார்படோஸில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்துவந்த மிஷன் சங்கத்தின் முன்னாலேயே நின்று, அவர்கள் நிலையைச் சீர்செய்யச் சொல்லிப் பிரசங்கித்தார். சங்கம் கேட்கவில்லை. அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807-இல்தான் வந்தது. ஒரே சுவருக்குள் கிப்சனும் இருந்தார், போர்ட்டியஸும் இருந்தார். திருச்சபையை ஒற்றைப் பிரதியாக வாசிக்க முடியாது என்பதற்கு இது போதும்.

இன்று யார் வேண்டுமானாலும் அந்தத் தோட்டத்தில் போய் உட்காரலாம். நல்லதுதான். ஆனால் மக்னோலியாவை அனுப்பியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கிப்சனின் கடிதம் யாரைப் பற்றியதோ, அவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. வாசலைத் திறந்துவிட்டதால் மட்டும் இந்தக் கணக்கு தீர்ந்துவிடுமா?