ஆறு குடித்தனத்துக்கு ஒரு வாசல்

போன மாதம் என் சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்தது. சின்னம்மைதான். வழக்கம்போல தெருக்கதவில் வேப்பிலைக் கொத்து செருகி வைத்தேன். நாங்கள் குடியிருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீடு. ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே தெருவாசல், நடுவில் முற்றம், ஒரு அடிபம்பு, இரண்டு கக்கூஸ், ஒரு குளிக்கிற அறை. வேப்பிலையைப் பார்த்ததுமே பக்கத்துப் போர்ஷன் அக்கா, "பின்னாடி கக்கூஸை நீங்க வெச்சுக்கோங்க, நாங்க முன்னாடி இருக்கறதுல பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். யாரும் முணுமுணுக்கவில்லை. எதிர் போர்ஷன் பாட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை தன் வீட்டில்கூடத் தாளிக்கவில்லை. தினமும் காலையில் ஒரு இளநீர் எங்கள் வாசப்படியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

எனக்குத்தான் மனசு உறுத்தியது. வேப்பிலை தொங்கிய அதே கதவில்தான் 2020-ம் வருஷம் மே மாதம் மாநகராட்சி ஊழியர்கள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதீர்கள் என்று. அப்போது நாங்கள் நடந்துகொண்ட விதத்தை இதுவரை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் மார்ச் 24-ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், ஒருவருக்கொருவர் ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அடிக்கடி சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். முற்றத்தில் நின்று கேட்ட நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். கை கழுவ வேண்டுமானால் பம்பு அடிக்க வேண்டும். பம்பு அடிக்கப் போனால் அங்கே நாலு பேர் குடத்தோடு நிற்பார்கள். வீட்டுக்குள் இருங்கள் என்கிறார்கள், எங்களுக்கு வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும்தான். மிச்ச வீடெல்லாம் முற்றத்தில் இருக்கிறது!

சிரித்துக்கொண்டே இருக்க முடியுமா? என் மாமியாருக்கு சர்க்கரை, எதிர் போர்ஷன் பாட்டிக்கு எழுபது வயசுக்கு மேல். அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்டோரில் எதை எழுதுவதானாலும் என்னிடம்தான் வருவார்கள். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நேரம் போட்டு எழுதி பம்பு பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். காலை ஐந்து முதல் ஏழு வரை தண்ணீர் வரும். ஒரு போர்ஷனுக்கு இருபது நிமிஷம். அவரவர் நேரத்தில் மற்றவர் முற்றத்துக்கு வரக் கூடாது. முதல் இரண்டு நாள் சண்டை வந்தது. மூன்றாம் நாளிலிருந்து, இத்தனை வருஷம் இதை ஏன் செய்யாமல் விட்டோம் என்று தோன்றிவிட்டது. குழாயடிச் சண்டையே நின்று போயிற்று.

கடைக்கும் அப்படித்தான். மளிகை, காய்கறிக் கடைகள் முதலில் பகல் இரண்டரை வரை திறந்திருந்தன. ஏப்ரல் 5 முதல் ஒரு மணியோடு மூட வேண்டும் என்றார்கள். ஆறு வீட்டுக்கும் ஆறு பேர் போவானேன்? தினம் ஒருவர் ஆறு பையோடு போய் வந்தோம். மாமியாரின் மாத்திரையை ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்தேன். ரேஷனில் ஆயிரம் ரூபாயும் விலையில்லாமல் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து தந்ததால் அதில் சிரமம் இல்லை. ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்றபோதுதான் முதல் நாள் கடைத்தெருவில் அப்படி ஒரு கூட்டம். ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்த பலனெல்லாம் அந்த ஒரு நாளில் போயிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். வாங்கி வந்த காயை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் போட்டு, பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவி... இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பொருளைத் தொடுவதால் அது பரவுவது குறைவு, காற்றில் பரவுவதுதான் அதிகம் என்று பின்னால்தான் சொன்னார்கள். பால் பாக்கெட்டைக் கழுவிய நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம்.

கடைசிப் போர்ஷனில் ஒரு தங்கை இருந்தாள். வீட்டிலிருந்தபடியே பூ கட்டிக் கொடுப்பாள். அவள் கணவர் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். ஏழு வயசில் ஒரு பெண், நாலு வயசில் ஒரு பையன். ஏப்ரல் கடைசியில் கோயம்பேட்டில் நோய் பரவி மே 5-ம் தேதி மார்க்கெட்டை மூடினார்களே, ஞாபகம் இருக்கும். அங்கே வேலை செய்தவர்களெல்லாம் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். அவரும் மறைக்காமல் தானே போய் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் போன் வந்தது. சாயங்காலம் வண்டி வந்து அவரைக் கூட்டிப் போனது. தெருவே மாடியில் நின்று வேடிக்கை பார்த்தது. அவருக்கு இருமல்கூட இல்லை.

மறுநாள் தெருக்கதவில் தாளை ஒட்டினார்கள். ஒரே வாசல் ஆனதால் ஆறு குடித்தனமும் 14 நாள் உள்ளே. பால்காரர் தெருமுனையோடு திரும்பிவிட்டார். தள்ளுவண்டிக்காரர் எங்கள் வாசலில் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எங்களுக்கு வந்த கோபமெல்லாம் அந்தத் தங்கை மேல் போயிற்று. ஹவுஸ் ஓனரிடம் சொல்லி காலி செய்ய வைக்க வேண்டும் என்றுகூட ஒருவர் பேசினார். நான் அதற்கு ஆமாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தினமும் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்க மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வருவாள். முதல் நாள் விவரமாகச் சொன்னாள். அவர்கள் மூன்று பேரும் தனி அறையில் இருக்க வேண்டும், அவர்களுக்குத் தனி கக்கூஸ் விட வேண்டும், எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும். ஸ்டோரில் மொத்தம் 23 பேர். அவர் போய்விட்டார், இவர்கள் மூன்று பேர். ஒரு கக்கூஸை அவர்களுக்கு விட்டால் மிச்சம் 19 பேருக்கு ஒன்றுதான். ஐந்து குடித்தனமும் கூடிப் பேசினோம். இரண்டையும் நாமே வைத்துக்கொள்வது, அவள் இரவு பதினோரு மணிக்கு மேல் வந்து நாலு மணிக்குள் போய்விட வேண்டும், போகும்போது கழுவிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அதை எழுதி ஒட்டியதும் நான்தான். நல்ல கையெழுத்தில்.

மறுநாள் அந்தப் பெண் வந்து, "அவங்களுக்குத் தனி டாய்லெட் இருக்காக்கா?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றேன். மூன்று நாள் இதே கேள்வி, இதே பதில். ஒரு நாள் அந்தப் பையன் பந்தை எடுக்க முற்றத்துக்கு வந்துவிட்டான். "கிட்ட வராதேடா!" என்று கத்தினேன். குழந்தை சுவரோரம் ஒட்டி நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. பந்து நடுமுற்றத்திலேயே கிடந்தது.

நாலாம் நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். மணி பதினொன்றரை இருக்கும். தோளில் தூங்குகிற பையனைப் போட்டுக்கொண்டு, கையில் செல்போன் வெளிச்சத்தோடு அவள் நிற்கிறாள். அந்த ஏழு வயசுப் பெண் குனிந்து படியில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைப்பத்தால் தேய்க்கிறது. பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா. பகலெல்லாம் குழந்தைகளுக்கு அதுதான் என்று பார்த்ததும் புரிந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய், "சத்தம் போட்டு எழுப்பிட்டோமாக்கா? இன்னும் அஞ்சு நிமிஷம், கழுவி முடிச்சுடறோம். நீங்க உள்ள போயிடுங்க, கிட்ட வராதீங்க" என்றாள். பகலில் நான் கத்திய வார்த்தை. அவள் என்மேல் அக்கறையாகச் சொல்கிறாள்.

எனக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாம் போர்ஷன்காரர் சண்டைக்கே வந்துவிட்டார், பத்தொன்பது பேருக்கு ஒரு கக்கூஸா என்று. அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வீட்டிலும் இரண்டு வயசுப் பெண்கள். நான் பதில் தெரியாமல் நின்றபோது என் மாமியார் உள்ளேயிருந்து, "ஏம்பா, அவ வாசல்ல வேப்பிலை சொருகி இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்டார். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பின்பக்கத்துக் கக்கூஸ் அவளுக்கு. எங்கள் 19 பேருக்கும் காலை நாலு மணியிலிருந்தே நேரம் போட வேண்டியதாயிற்று. லேசில்லை. என் வீட்டுக்காரரே இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் "தனி டாய்லெட் இருக்கா?" என்ற கேள்விக்கு ஐந்தாம் நாளிலிருந்து பொய் சொல்லாமல் பதில் சொன்னேன்.

பொருள் வாங்கித் தர தன்னார்வலர் தம்பி ஒருவர் வருவார். நல்ல பிள்ளை. ஆனால் பட்டியலில் நாப்கின் என்று எழுத ஸ்டோரில் அத்தனை பெண்களுக்கும் கூச்சம். கடைசியில் பழைய புடவைதான் கிழிந்தது. பிறகு நானே துணிந்து கம்பெனி பெயரை மட்டும் எழுதினேன். அந்தத் தம்பி ஒன்றும் கேட்காமல் பேப்பரில் சுற்றி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். முதல் நாளே எழுதியிருக்கலாம்!

அவள் கணவர் குணமாகித் திரும்பிவிட்டார். எங்களில் யாருக்கும் அப்போது வரவில்லை. ஜூன் 19-ம் தேதியிலிருந்து சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு என்ற பேச்சு வந்ததும் அவர்கள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு திண்டிவனம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். மார்க்கெட்டும் மூடிக் கிடந்தது, இங்கே என்ன வேலை? சாமான் ஏற்றும்போது, "வரேன்க்கா" என்று வாசலிலிருந்தே சொன்னாள். நான் முகக்கவசத்தோடு தலையை ஆட்டினேன். ஜூலையில் என் வீட்டுக்காரருக்கு வந்தபோது பின்பக்கத்துக் கக்கூஸை எங்களுக்கு விட்டார்கள், அதே ஏற்பாட்டின்படி.

எங்களைப் போல பொதுவாசல் வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காய்ச்சலோ அம்மையோ எது வந்தாலும், தண்ணீருக்கும் கடைக்கும் நேரம் போடுவதற்கு முன்னால் கக்கூஸ் விஷயத்தைப் பேசி முடியுங்கள். அதையும் நோய் வந்த வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டே பேசுங்கள். நாங்கள் அவளைக் கூப்பிடாமல் பேசினோம்.

அந்தத் தங்கைக்கு பூ கட்டிக்கொண்டே இந்த மலரைப் படிக்கும் பழக்கம் உண்டு. என்னிடம்தான் இரவல் வாங்குவாள். அவள் செல் நம்பர் மாறிவிட்டது. அவள் மகளும் என் சின்ன மகளும் ஒரே வகுப்பு. என் மகளுக்குப் போன வாரம் மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று, நன்றாக இருக்கிறாள். அங்கே அவள் பெண்ணும் பையனும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

- ஒரு வாசகி, சென்னை-21